கடலில் கால் நனைக்கத் தடையில்லாச் சான்று

காரைக்காலில் கடல் இருக்கிறது. அதை அழகுபடுத்த ஒரு வாரியமும் இருக்கிறது. இரண்டில் எது முதலில் வந்தது என்று கேட்டால் வாரியத்துக்காரர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். 'கடற்கரை அழகூட்டல், பராமரிப்பு மற்றும் விழிப்புணர்வு வாரியம்' என்று நீட்டி முழக்கிப் பெயர் வைத்ததில், பலகை எழுதும்போது பெயிண்ட் தீர்ந்துபோய் 'வாரியம்' மட்டும் வேறு நிறத்தில் நிற்கும்.

கடலைப் பார்த்த மாதிரி இவர்கள் ஒரு நீரூற்று கட்டினார்கள். அதில் தண்ணீர் வரவில்லை. சிமெண்டில் ஒரு டால்பின் செய்து வைத்தார்கள். அது சுறாவா கெண்டையா என்று வருகிறவர்கள் அடித்துக்கொண்டதால் அடியில் 'டால்பின்' என்று எழுத வேண்டியதாயிற்று. மற்றபடி வாரியத்தின் உயிர் ஒரு அறிவிப்புப் பலகையில் இருந்தது. கடலில் இறங்காதீர், கடலில் குளிக்காதீர், அலை அருகே நிற்காதீர், ஈரக் காலோடு நடைபாதைக்கு வராதீர் என்று ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். கடலுக்கு அழகே அதில் யாரும் இறங்காமல் இருப்பதுதான் என்பது வாரியத்தின் கொள்கை.

அந்த வாசகங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தவர் நூருல் அமீன், வாரியத்தின் மேல்நிலை எழுத்தர். சாது மனுஷன். யார் எந்த ஃபைலைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார், டீ ஆறிப்போயிருந்தாலும் குடித்துவிடுவார். அவருக்குச் சித்திக்கா என்று ஒரு மனைவி. அந்த அம்மாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை.

சித்திக்கா காரைக்காலிலேயே பிறந்து, காரைக்காலிலேயே வாக்கப்பட்டு, கடற்காற்றில் வீட்டு ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்தே பாதி ஆயுசைக் கழித்தவள். ஆனால் இன்றுவரை கணுக்காலுக்கு மேலே கடல் தண்ணீர் பட்டதில்லை. படாதுதான். நம் ஊரில் கடற்கரைக்குப் போகிறவர்கள் எங்கே கடலைப் பார்க்கிறார்கள்? சுண்டலை வாங்கிக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, யார் யாரோடு வருகிறார்கள் என்று பார்ப்பதற்குத்தானே போகிறார்கள். அத்தனை கண்ணுக்கு முன்னால் ஒரு பொம்பளை இடுப்பளவு தண்ணீரில் இறங்கினால், அவள் கரையேறுவதற்குள் செய்தி தருமபுரம் தாண்டிப் போயிருக்கும்.

"என்னைய யாருன்னே தெரியாத ஒரு கடல்ல, இடுப்பளவு தண்ணில செத்த நேரம் நிக்கணும் மச்சான். அவ்வளவுதான். வேற நகை நட்டு ஒண்ணும் கேக்கல" என்பாள்.

அவள் தங்கச்சி ரிஃபானா துபாயிலிருந்து ஒரு நீச்சல் உடை வேறு அனுப்பியிருந்தாள். கருநீல நிறம். தலையிலிருந்து கணுக்கால் வரைக்கும் மூடும், முகமும் உள்ளங்கையும் பாதமும்தான் தெரியும். அது பிரிக்காத கவரோடு பீரோவில் கிடந்தது. சித்திக்கா அவ்வப்போது கதவைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு மூடுவாள். பார்க்கும்போதெல்லாம் அமீனுக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரி இருக்கும்.

கடைசியில் இருவரும் துணிந்து தாய்லாந்தில் ஃபுகெட் என்ற தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தது சித்திக்காதான். யூடியூபில் அந்தத் தீவை அவள் பார்க்காத மூலை இல்லை. எந்த மாதத்தில் கடல் அமைதியாக இருக்கும், எந்தக் கரையில் கூட்டம் குறைவு, எங்கே பள்ளிவாசல், எங்கே ஹலால் சாப்பாடு எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "மாசியில போனா கடல் குளம் மாரி கெடக்குமாம். முக்கியமா, காரைக்கால்காரன் ஒருத்தன்கூட இல்ல" என்றாள்.

அரசுச் சம்பளம் வாங்குகிறவன் வெளிநாடு போக வேண்டுமானால் அலுவலகம் தடையில்லாச் சான்று தர வேண்டும். அமீன் கார்த்திகையிலேயே விண்ணப்பம் கொடுத்துவிட்டார். மாசிக்குள் வராமலா போய்விடும் என்று நினைத்தார். அத்தனை வருஷம் அதே வாரியத்தில் இருந்தும் அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு நினைப்பு.

கண்காணிப்பாளர் கல்யாணசுந்தரி மேடம் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார்.

"அமீன் சார், காரணம்ங்கற எடத்துல ஓய்வுன்னு எழுதியிருக்கீங்களே."

"ஓய்வுக்குத்தான் மேடம் போறோம்."

"ஓய்வுன்னா, நீங்க இங்க வேலை பாத்துக் களைச்சுப்போயிட்டீங்கன்னு அர்த்தம் ஆகுது. என்ன வேலைன்னு தணிக்கைல கேப்பாங்க. அப்பறம் நாங்கல்லாம் சேந்து பதில் சொல்லணும்."

அமீன் அதை அடித்துவிட்டு 'மகிழ்ச்சி' என்று எழுதினார். மகிழ்ச்சிக்கு விதியில் இடமில்லை என்றார் மேடம். கடைசியில் 'இதர' என்று எழுதினார்கள். அடுத்த வரி, உடன் செல்பவர். அங்கே 'மனைவி' என்று இருப்பதைப் பார்த்ததும் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அமீனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"தாய்லாந்துக்கா? வீட்டம்மாவையா கூட்டிக்கிட்டுப் போறீங்க?"

"ஆமாங்க மேடம்."

"நெசத்தைச் சொல்லுங்க சார். நம்ம ஆபீஸ்ல எத்தனையோ பேரு ராமேஸ்வரம்னு சொல்லிட்டுத் தாய்லாந்து போயிருக்காங்க. வீட்டம்மாவோட யாரும் போனதில்ல."

ஃபைலில் அன்றைக்கே குறிப்பு ஏறிவிட்டது. 'மனுதாரர் தாய்லாந்துக்குத் தம் சொந்த மனைவியுடன் செல்வதாகக் கூறுகிறார். இது நம்பத்தகுந்ததாக இல்லை. எனினும் மேல் ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.'

மேல் ஆணை என்றால் உறுப்பினர் செயலர் சிவசுப்பிரமணியன். வாரியத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். கடற்கரை வாரியத்தின் தலையாக இருந்தாலும் மண் ஒட்டும் என்று காரை விட்டு இறங்க மாட்டார். ஆய்வெல்லாம் கண்ணாடி ஏற்றிய ஜன்னல் வழியாகத்தான். தை பிறந்த பிறகு அமீனைக் கூப்பிட்டனுப்பினார்.

"அமீன், எனக்கு மனசு வலிக்குது. ஸ்வீட் ஸ்டால்ல வேலை பாக்குறவன் பக்கத்துக் கடையில போயி அல்வா வாங்கித் திங்கிறான்னா என்ன அர்த்தம்? நம்ம பீச்சுல இல்லாதது அங்க என்ன இருக்கு, சொல்லுங்க."

"அங்க தண்ணில எறங்கலாம் சார்."

செயலர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அவர் சாய்ந்துவிட்டால் பிரசங்கம் வருகிறது என்று அர்த்தம்.

"கடல்ங்கறது பாக்குறதுக்கு அமீன். தாஜ்மகாலப் பாக்கப் போறவன் உள்ள போயி படுத்தா பாக்குறான்? நான் இந்த நாற்காலிக்கு வந்ததுலேந்து கடல்ல ஒரு உயிர்ச் சேதம் கெடையாது. ஏன்? யாரையும் விடல. நீரூற்றுல யாராவது வழுக்கி விழுந்தாங்களா? இல்ல. ஏன்? தண்ணி விடல. இதுக்குப் பேருதான் நிர்வாகம். எதுவுமே நடக்காம பாத்துக்குறது லேசுப்பட்ட வேலை இல்ல."

அமீன் தலையை ஆட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்?

"சரி, நான் ஒண்ணும் கல்லு இல்ல. உள்ளூர்க் கடற்கரைய முழுசாப் பயன்படுத்திட்டீங்கன்னு மொதல்ல ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. அப்பறம் வெளியூர்க் கடலைப் பத்திப் பேசுவோம்."

அப்படி ஒரு சான்று உலகத்தில் கிடையாது. அன்று மத்தியானம் அமீனே உட்கார்ந்து அதற்கு ஒரு படிவம் தட்டச்சு செய்தார். புருஷனும் பெண்டாட்டியும் தினமும் சாயங்காலம் கடற்கரையில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார வேண்டும், அதைக் கடற்கரைக் காவலர் தெட்சிணாமூர்த்தி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஏற்பாடு.

உட்கார்ந்தார்கள். இரண்டாவது நாளே ஊர் கூடிவிட்டது. வாரியத்துக் குடியிருப்பில் இருக்கிற பெண்கள் ஒவ்வொருவராக வந்து, "என்ன சித்திக்கா, தாய்லாந்து போறீங்களாமே, சொல்லவே இல்ல" என்றார்கள். "வீட்டுக்காரர ஒத்தையா விடாம நீங்களும் போறீங்க பாருங்க, அதான் புத்திசாலித்தனம்" என்று ஒருத்தி காதில் கிசுகிசுத்தாள். சித்திக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பல்லைக் கடித்தாள். தன்னை யாருக்கும் தெரியாத கடல் வேண்டும் என்று கேட்டவள், ஊருக்கே தெரிந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

தெட்சிணாமூர்த்திதான் ஆறுதலாகப் பேசுவார். "இது எவ்வளவோ தேவலைம்மா. வி.ஐ.பி. வந்தா இன்னும் கூத்து. பீச்சையே மூடிருவோம். அவங்க கடலைப் பாத்து முடிக்கிற வரைக்கும் நாங்க அத்தனை பேரும் கடலுக்கு முதுகைக் காட்டி ஊரைப் பாத்து நிக்கணும். திரும்பிப் பாத்தா மெமோதான்."

"மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரத்துலேந்து பெருமாளே பட்டினச்சேரிக்கு வந்து கடலாடிட்டுப் போறாரு. அவரு எந்த ஆபீஸ்ல சான்று வாங்குறாருங்க?" என்று கேட்டாள் சித்திக்கா.

"நல்லவேளை, அவரு நம்ம வாரியத்துல வேலை பாக்கல" என்றார் தெட்சிணாமூர்த்தி.

மாசி வந்தது. பெருமாள் வந்து கடலாடிவிட்டுப் போனார். ஃபைல் அந்தச் சான்றோடு மேலிடத்துக்குப் போயிருந்தது. மேலிடம் என்பது எங்கே இருக்கிறது, அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வாரியத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் அங்கே போன ஃபைல் திரும்பி வரும்போது கொஞ்சம் குண்டாகி வரும் என்று மட்டும் தெரியும். சித்திரை போய், வைகாசியும் போய், ஆனி பாதியில் அது வந்து சேர்ந்தது. உள்ளே ஒரே ஒரு கேள்வி பச்சை மையில் எழுதியிருந்தது. 'கடற்கரை மேலாண்மையில் இத்தனை ஆர்வமுள்ள வாரியம், ஏன் ஒரு குழுவாகச் சென்று ஆய்வு செய்யக்கூடாது?'

அன்றைக்கு வாரியத்தில் ஒருவரும் டீ குடிக்கக்கூட வெளியே போகவில்லை. செயலர் ஆளாளுக்குக் கை கொடுத்தார். ஆய்வுக் குழுவுக்குத் தலைவர் செயலர், உறுப்பினர் கல்யாணசுந்தரி மேடம், தொழில்நுட்ப உறுப்பினர் உதவிப் பொறியாளர் அறிவுமதி. டால்பினைச் செய்த அதே அறிவுமதிதான். சொந்தச் செலவில் குடும்பத்தாரும் வரலாம் என்றதும் குடியிருப்பே பெட்டி கட்ட ஆரம்பித்தது. கணக்குப் பிரிவு, அவர்கள் மச்சினிமார், மச்சினிமாரின் மாமியார் என்று பேர் ஏறிக்கொண்டே போனது.

"பயணத் திட்டம் யாரு போடுறது?" என்றார் மேடம்.

"நம்ம அமீன்தான் ஏற்கெனவே போட்டு வச்சிருக்காரே" என்றார் செயலர்.

சித்திக்கா மாசக்கணக்கில் தேடித் தேடிச் சேர்த்த அத்தனையும், எந்தக் கரை, எந்த ஓட்டல், எங்கே படகு ஏறுவது என்பது வரைக்கும், 'வாரியத்தின் வரைவுத் திட்டம்' என்று தலைப்பு மாறிப் போனது. அமீன் தன் கையாலேயே அந்தத் தலைப்பைத் தட்டச்சு செய்தார். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிப் பார்த்தார்.

"சார், ஆவணியில அங்க ஒரே மழையாம். கடல் மோசமா இருக்குமாம். என் வீட்டுல பாத்துச் சொன்னாங்க."

"கடல்னா தண்ணி இருக்கத்தான் செய்யும் அமீன்" என்றார் செயலர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "எல்லாரும் கெளம்பிட்டா வாரியத்தை யாரு பாக்குறது? நீங்கதான் பொறுப்பு. உங்க தனிப்பட்ட விண்ணப்பத்தை நிர்வாக நலன் கருதி நிராகரிச்சிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க. பெரிய பொறுப்பு. என் சீலு, என் நாற்காலி, எல்லாம் ஒங்ககிட்டதான்" என்றார்.

அமீன் வீட்டுக்குப் போனபோது சித்திக்கா கிழங்கான் மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். இவர் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிக்கிறவரைக்கும் நிமிரவில்லை.

"அவங்க கூட்டிக்கிட்டுப் போனாலும் நான் போக மாட்டேன் மச்சான். கல்யாணசுந்தரி மேடமும் குடியிருப்பு மொத்தமும் கரையில நின்னு பாக்க நான் தண்ணில எறங்குறதுக்கு எதுக்கு ஏரோப்ளேன்? அதுக்கு இங்கயே எறங்கலாமே."

மீனைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய் பீரோவைத் திறந்தாள். கருநீலக் கவரை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "ரிஃபானா அடுத்தவாட்டி வர்றப்ப திருப்பிக் குடுத்துருவோம். அவளாவது போட்டுக்கட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அமீன் தாங்கியிருப்பார். சாதாரணமாகச் சொன்னாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஆவணி பிறந்ததும் ஆய்வுக் குழு கிளம்பியது. திருச்சி விமான நிலையத்துக்கு இரண்டு பஸ். பஸ்ஸின் நெற்றியில் துணிப் பதாகை. புளியோதரை, எலுமிச்சை ஊறுகாய், அரிசி, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஏறின. கல்யாணசுந்தரி மேடம் ஜன்னல் வழியாக எட்டி, "அமீன் சார், எங்க வீட்டுத் துளசிக்குத் தண்ணி ஊத்திருங்க" என்று சாவியைக் கொடுத்தார். இரண்டு பஸ்ஸும் போன பிறகு குடியிருப்பில் ஒரு வீட்டிலும் டி.வி. சத்தம் கேட்கவில்லை.

அமீன் செயலரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் சாய்ந்தது. போனில் வந்தவை எல்லாம் ஒரே செய்திதான். மழை. கடல் கொந்தளிப்பு. கரை நெடுகச் சிவப்புக் கொடி. செயலர் மட்டும் பரவசமாக இருந்தார்.

"அமீன், இங்கயும் கடல்ல எறங்கக் கூடாதுன்னு கொடி நட்டு வச்சிருக்கான். நம்ம போர்டு மாரியே. உலகமே நம்மளப் பாத்துக் கத்துக்கிட்டு இருக்கு."

"சந்தோஷம் சார். எல்லாரும் என்ன பண்றீங்க?"

"ரூம்ல உக்காந்து ஜன்னல் வழியா ஆய்வு பண்ணிக்கிட்டு இருக்கோம்."

அமீன் போனை வைத்தார். மேசையில் செயலரின் சீல் கிடந்தது. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நம் ஊர்க் கடல் அன்றைக்குப் பார்த்துக் குளம் மாதிரி கிடந்தது. சித்திக்கா மீனை ஆய்ந்துகொண்டே சொன்ன வார்த்தை மறுபடி காதில் விழுந்தது. கரையில் நின்று பார்க்கிற கண் அத்தனையும் இப்போது ஃபுகெட்டில் இருந்தது. மிச்சசொச்சக் கண்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று வாரியமே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

கம்ப்யூட்டரை இழுத்து வைத்துக்கொண்டு தட்டினார். 'கடற்கரை மேலாண்மை குறித்த பன்னாட்டு ஒப்பாய்வின் தொடர்ச்சியாக, கடல்நீரின் தன்மையை நேரடியாக அறியும் பொருட்டு, நாளை காலை கடற்கரை பொதுமக்களுக்கு மூடப்படுகிறது. வருகை தரும் முக்கியப் பிரமுகருக்கு உரிய மரபுகள் பின்பற்றப்பட வேண்டும்.' சீலை எடுத்து ஓங்கிக் குத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் தட்டச்சு செய்த ஒரு ஆணை அவருக்குப் பிடித்திருந்தது.

தெட்சிணாமூர்த்தி ஆணையை வாங்கி இரண்டு தடவை படித்தார். "யாருங்க சார் வர்றது?"

"பெரிய எடம்."

"மேலிடமா?"

"அதுக்கும் மேல" என்றார் அமீன்.

காலையில் கடற்கரைச் சாலையில் தடுப்பு வைத்தாகிவிட்டது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்களெல்லாம் பேச்சில்லாமல் திரும்பிப் போனார்கள். மூடிய கடற்கரை அவர்களுக்குப் பழக்கம்தான். காவலர்கள் வரிசையாக, கடலுக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து விறைப்பாக நின்றார்கள். கறுப்புப் புர்கா ஒன்று ஸ்கூட்டரின் பின்னாலிருந்து இறங்கி அவர்களைக் கடந்து போனது. தெட்சிணாமூர்த்தி நேராகப் பார்த்தபடியே ஒரு சல்யூட் வைத்தார். கால் வைக்கிற சத்தத்திலேயே அவருக்கு யார் என்று தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் திரும்பவில்லை.

சித்திக்கா டால்பினின் மறைவில் புர்காவைக் கழற்றி மடித்து அதன் முதுகில் வைத்தாள். அந்தச் சிமெண்ட் ஜென்மம் முதல் தடவையாக ஒரு உபயோகத்துக்கு வந்தது. கருநீல உடையில் அலையின் விளிம்பில் போய் நின்றாள். கணுக்கால் நனைந்தது. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் பலகையின் கீழே நின்று தலையை அசைத்தார். முழங்கால் நனைந்தது. ஒரு அலை வந்து இடுப்பில் அடித்ததும் "யா அல்லா" என்று கத்திவிட்டாள். கத்தியது பயத்தில் இல்லை என்று அமீனுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷ வாழ்க்கையில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. இவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் என்ன, பார்க்கத்தான் யாரும் இல்லையே.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. செயலர்.

"அமீன், அவசரம். அறிக்கையில கடல்நீர்னு ஒரு பத்தி வருது. இங்க தண்ணிகிட்டயே விட மாட்டேங்கிறான். நம்ம கடல் தண்ணி எப்படி இருக்கும்? மிதமாவா, குளிர்ச்சியாவா? அங்க யாருக்காவது தெரியுமா, கேட்டுச் சொல்லுங்க."

அமீன் போனைக் கையால் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்துக் கூப்பிட்டார். "சித்திக்கா, சார் கேக்குறாரு. தண்ணி எப்படி இருக்காம்?"

அடுத்த அலைக்குத் தோளைக் கொடுத்துவிட்டு, முகத்தில் வழிந்த உப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள். "கடல்ல எறங்கக் கூடாதுன்னு போர்டு இருக்கே, அப்பறம் எப்படித் தெரியும்னு கேளுங்க."

அமீன் அதை ஒரு எழுத்து மாறாமல் போனில் சொன்னார். அந்தப் பக்கம் மழை கொட்டுவது கேட்டது.

"ரொம்பச் சரி" என்றார் செயலர், தழுதழுத்த குரலில். "வாரியத்துல கொள்கைய மறக்காத ஒரே ஆளு நீங்கதான் அமீன். அதையே எழுதிக்கிறேன்."

அமீன் போனை அணைத்து, கழற்றிய செருப்பின் மேல் வைத்தார். பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு, தான் தட்டச்சு செய்த பலகையைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கினார்.